59 குறிகாட்டிகளுக்குள் நான் தேடும் ஒரு எண்

பிரேசிலின் பெலெம் நகரில் 2025 நவம்பரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு ஏற்றுக்கொண்ட குறிகாட்டிப் பட்டியலைப் படித்து முடித்தேன். மொத்தம் 59. காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப உலகம் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறதா, அதில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அளப்பதற்காக நாடுகள் ஒப்புக்கொண்ட முதல் பொதுப் பட்டியல் இது. திட்டங்களைக் கண்காணிப்பதும் மதிப்பிடுவதும்தான் என் தொழில். இன்னும் சில ஆண்டுகளில் என் மேசைக்கு வரப்போகும் படிவங்கள் பலவும் இந்தப் பட்டியலிலிருந்து பிறக்கும் என்பதால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

படிக்கும்போது என் மனதில் ஓடியது ஒரே கேள்விதான். அதே அளவு புயல், அதே அளவு வெயில், அதே அளவு வறட்சி மறுபடி வந்தால், போன தடவையைவிட இந்தத் தடவை மக்கள் இழப்பது குறையுமா? இதற்குப் பதில் சொல்லும் எண் பட்டியலில் எங்கே இருக்கிறது என்றுதான் தேடினேன்.

முதலில், இது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உமிழ்வைக் குறைப்பதற்கு ஓர் அலகு இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு எத்தனை டன் என்று எந்த நாட்டிலும் ஒரே மாதிரி எண்ணலாம். எங்கே குறைத்தாலும் காற்றுக்கு ஒன்றுதான். தகவமைப்புக்கு அப்படி ஓர் அலகு கிடையாது. ஒரு தீவில் அது குடிநீர், ஒரு நகரத்தில் வெயிலில் தனியாக இருக்கும் முதியவர், ஒரு மலைச்சரிவில் நிலச்சரிவு. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7ஆவது பிரிவு உலகளாவிய தகவமைப்பு இலக்கு என்று ஒன்றை வைத்தது. தகவமைக்கும் திறனைக் கூட்டுவது, அடிபட்டாலும் மீண்டெழும் திறனை வலுப்படுத்துவது, பாதிப்புக்கு ஆளாகும் நிலையைக் குறைப்பது. அவ்வளவுதான். எவ்வளவு, எப்போதைக்குள் என்று எதுவும் இல்லை. அந்த இலக்கு வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவை ஆப்பிரிக்க நாடுகள். அதற்கு உருவம் கொடுக்க 2023 துபாய் மாநாடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

துபாயில் 11 இலக்குகள் வந்தன. தண்ணீர், உணவு, சுகாதாரம், சூழல் அமைப்புகள், உள்கட்டமைப்பு, வாழ்வாதாரம், பண்பாட்டு மரபு என்று துறை சார்ந்தவை ஏழு. ஆபத்தை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செயல்படுத்துவது, கண்காணித்துக் கற்பது என்று வேலையின் படிகளைச் சார்ந்தவை நான்கு. இவற்றிலும் அநேகமாக எண் கிடையாது. தண்ணீர்ப் பற்றாக்குறையைக் கணிசமாகக் குறைக்க வேண்டும் என்று இருக்கும். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு என்று இருக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் குறிகாட்டிகளை உருவாக்க இரண்டு ஆண்டு வேலைத்திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

தொடக்கத்தில் உலகம் முழுக்க இருந்து சேர்ந்தவை 9,000க்கும் மேல். 78 நிபுணர்கள் உட்கார்ந்து அவற்றைச் சலித்தார்கள். 2025 மே மாதம் 490 ஆயிற்று. செப்டம்பரில் 100. நவம்பரில் பெலெமில் அது பேச்சுவார்த்தை அறைக்குள் போய் 59 ஆக வெளியே வந்தது. நிபுணர்கள் எழுதிய வாசகங்கள் பல அந்த அறைக்குள் மாறிவிட்டன. இறுதி அமர்விலேயே பல நாடுகள் எழுந்து, இந்த வடிவத்தில் இதை வைத்து அளக்க முடியாது என்று ஆட்சேபித்தன. அப்புறம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 2027இல் நடக்கவிருக்கும் மாநாடு வரை இன்னொரு இரண்டு ஆண்டு வேலை என்று முடிவாயிற்று. ஆக, பட்டியல் ஏற்கப்பட்டுவிட்டது, எப்படி அளப்பது என்பது இன்னும் திறந்திருக்கிறது. எனக்கு இது கெட்ட செய்தியாகத் தோன்றவில்லை. அளக்கும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது, அதைத் திருத்த இன்னும் நேரம் இருக்கிறது.

என் தொழிலில் தினமும் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தகவமைப்புத் திட்டத்தின் அறிக்கையைத் திறந்தால் முதலில் வருவது செலவழித்த பணம். அடுத்து பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர், கட்டிய கரை எத்தனை கிலோமீட்டர், நட்ட மரக்கன்று எத்தனை, தயாரித்த திட்ட ஆவணம் எத்தனை. எல்லாக் கட்டங்களும் பச்சை நிறத்தில் இருக்கும். இப்படி ஓர் அறிக்கையை மதிப்பிடும்போது, பயிற்சி பெற்ற விவசாயிகள் அடுத்த வறட்சியில் எப்படிச் சமாளித்தார்கள், மாட்டை விற்றார்களா, கடன் வாங்கினார்களா, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்களா என்று கேட்டேன். அறிக்கை தயாரித்தவர் பொறுமையாகச் சொன்னார்: “அது திட்டம் முடிஞ்ச பிறகுதானே தெரியும்.” அவர் சொன்னது சரிதான். திட்டம் மூன்று ஆண்டு ஓடும், வறட்சி ஐந்தாவது ஆண்டில் வரும். அந்த ஐந்தாவது ஆண்டில் போய்ப் பார்க்க யாருக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்காது. தகவமைப்பு பலித்ததா என்று தெரியும் அந்த ஒரு நாளில் அளப்பவர் யாரும் அங்கே இருப்பதில்லை.

உலக அளவிலும் இதே கதைதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 தகவமைப்பு இடைவெளி அறிக்கையின்படி 172 நாடுகளிடம் தேசிய அளவில் தகவமைப்புக் கொள்கையோ உத்தியோ திட்டமோ ஏதோ ஒன்றாவது இருக்கிறது. நல்ல எண். அவற்றில் 36 நாடுகளின் ஆவணங்கள் பத்தாண்டுகளுக்கும் மேல் பழையவை. புதுப்பிக்கப்பட்டவற்றிலும், திட்டம் இருப்பதும் ஒருவருடைய வீட்டுக் கூரை புயலில் தங்குவதும் வெகு தூரம் தள்ளி நிற்கும் இரண்டு விஷயங்கள்.

ஆனால் பலனை அளக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அளந்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பிரான்ஸ். 2003 ஆகஸ்டில் அங்கே அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக வசித்தவர்கள். அடுத்த ஆண்டே வெப்ப அலைத் திட்டம் ஒன்று வந்தது. வானிலைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து எச்சரிக்கை கொடுத்தன. முதியோர் இல்லங்களில் குளிரூட்டிய அறை ஒன்று கட்டாயமாயிற்று. தனியாக இருக்கும் முதியவர்களின் பெயர்ப் பதிவேட்டை உள்ளாட்சிகள் வைத்திருந்து, வெயில் ஏறினால் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்கின. 2006 ஜூலையில் மறுபடி வெப்ப அலை வந்தது.

ஆய்வாளர்கள் அப்போது செய்ததுதான் முக்கியம். 2003 வரையிலான பல ஆண்டுகளின் வெப்பநிலையையும் இறப்பையும் வைத்து, இவ்வளவு வெயிலுக்கு இவ்வளவு பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தார்கள். பழைய பிரான்ஸாகவே இருந்திருந்தால் 2006இல் சுமார் 6,400 கூடுதல் இறப்புகள் நிகழ்ந்திருக்க வேண்டும். உண்மையில் நிகழ்ந்தவை சுமார் 2,000. நடுவில் இருக்கும் அந்த 4,400 பேர் உயிரோடு இருந்தார்கள். நான் தேடும் எண் இந்த மாதிரியானது. இதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு, 2003 அதிர்ச்சிக்குப் பிறகு மக்களே எச்சரிக்கையானதன் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாதுதான். பிரிக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. சமூகம் அதே அதிர்ச்சியை இன்னும் நன்றாகத் தாங்கியது என்பதை அது காட்டிவிட்டது.

இந்தக் கணக்கின் சிறப்பு, அது அதிர்ச்சியின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொள்வது. வெறுமனே இறப்பு எண்ணிக்கையைப் பார்த்தால், நல்ல வானிலை இருந்த ஆண்டில் எல்லா நாடும் வெற்றி பெற்றதாகத் தெரியும். புவி சூடாகிக்கொண்டே போகும்போது இழப்பு கூடாமல் அப்படியே நிற்பதுகூடப் பெரிய சாதனையாக இருக்கலாம். வெயில் எவ்வளவு அடித்தது, மழை எவ்வளவு கொட்டியது என்ற தகவலை ஒட்டாமல் தரப்படும் எந்த இழப்பு எண்ணையும் நான் முன்னேற்றத்தின் அளவாக ஏற்க மாட்டேன்.

வங்காளதேசம் இன்னொரு பாடம். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000. 2007 சிடர் புயலில் அதிகாரப்பூர்வக் கணக்கு 3,400 சொச்சம். 2020 ஆம்பனில் அந்நாட்டில் இறந்தவர்கள் நூறுக்கும் கீழே. இந்தப் புயல்களின் வலிமையும் கரையேறிய இடமும் வேறு வேறு. அதைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இறக்கம் பிரமிக்க வைக்கிறது. முன்னறிவிப்பு, புயல் காப்பகங்கள், ஒலிபெருக்கியும் கொடியுமாக வீடு வீடாகப் போகும் பல்லாயிரம் தொண்டர்கள். பல பத்தாண்டுகள் விடாமல் செய்த வேலை அது. 1991இல் இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிக அதிகம். காப்பகத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லையென்றால் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பது அப்போது உறைத்தது. பிறகு தனி இடம் ஒதுக்கினார்கள், பெண் தொண்டர்களைச் சேர்த்தார்கள். ஆண், பெண், வயது என்று பிரித்து எண்ணியதால் தெரிந்த விஷயம் இது. மொத்த எண்ணை மட்டும் வைத்திருந்தால் காப்பகத்தின் கொள்ளளவைக் கூட்டிவிட்டுத் திருப்தியாக இருந்திருப்பார்கள்.

அதே நாட்டின் கடலோரக் கரைகளின் கதையோ என்னைத் தூங்க விடாத வகை. 1960களிலிருந்து டெல்டாவைச் சுற்றிக் கரை கட்டி, நிலங்களை வளையங்களாக அடைத்தார்கள். உப்புநீர் உள்ளே வரவில்லை, விளைச்சல் கூடியது. கூடவே ஆறு கொண்டுவரும் வண்டலும் உள்ளே வரவில்லை. வண்டல் இல்லாமல் நிலம் தாழ்ந்துகொண்டே போனது. 2009இல் அய்லா புயல் ஒரு வளையத்தின் கரையை உடைத்தபோது, உள்ளே இருந்த நிலம் வெளியே இருந்த நிலத்தைவிட ஒரு மீட்டர், சில இடங்களில் ஒன்றரை மீட்டர் கீழே இருந்தது. கடல் உள்ளே வந்து மாதக்கணக்கில் வடியவே இல்லை. ‘பாதுகாப்புக் கரை, இத்தனை கிலோமீட்டர்’ என்ற குறிகாட்டி அந்த ஐம்பது ஆண்டுகளும் நல்ல எண்ணாகவே இருந்திருக்கும். ஆபத்து அந்த எண்ணுக்குப் பின்னால் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே உயிரிழப்பு மட்டும் போதாது. ஆம்பன் உயிர்களைக் குறைவாக எடுத்தது, ஆனால் வங்காள விரிகுடா அதுவரை கண்டிராத பொருள் இழப்பை இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் ஏற்படுத்தியது. காப்பகத்தில் உயிர் தப்பியவர் வெளியே வந்தால் வயலில் உப்பு, குளத்தில் உப்பு, வீடு இல்லை. ஒரு குடும்பம் பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை மாதம் எடுத்துக்கொள்கிறது என்பதை நான் இரண்டாவது முக்கிய அளவாக வைப்பேன். அதை வீடு வீடாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். செயற்கைக்கோள் சொல்லாது.

முன்னெச்சரிக்கையில் வேறொரு சிக்கல். எல்லா நாடுகளிலும் 2027க்குள் பல வகை இடர்களுக்கும் சேர்த்து முன்னெச்சரிக்கை தரும் அமைப்பு இருக்க வேண்டும் என்பது துபாய் இலக்குகளில் ஒன்று. 2024இல் அப்படி ஓர் அமைப்பு தங்களிடம் இருப்பதாக 108 நாடுகள் தெரிவித்திருந்தன. இருக்கிறது, இல்லை என்று எண்ணும் இந்தக் கட்டத்தில் ஸ்பெயின் சந்தேகமே இல்லாமல் ‘இருக்கிறது’ பக்கம் வரும். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்துவிட்டது. மக்களின் கைபேசிகளுக்கு அபாய ஒலி போனது இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் பல ஊர்களின் தெருக்களில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது, பலர் கார்களிலும் தரைக்கீழ் வாகன நிறுத்தங்களிலும் சிக்கியிருந்தார்கள். ஸ்பெயினில் அந்த வெள்ளத்தில் 220 பேருக்கும் மேல் இறந்தார்கள். அமைப்பு இருந்தது, கணிப்பும் இருந்தது. நடுவில் இருந்த பன்னிரண்டு மணி நேரம் எந்தக் குறிகாட்டியிலும் இல்லை. எச்சரிக்கை கொடுத்த நேரத்துக்கும் ஆபத்தில் இருந்தவர் கையில் அது கிடைத்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாமே. கடினமான வேலை இல்லை, பதிவுகள் இருக்கின்றன. அளந்தால் யார் தாமதித்தார் என்று தெரிந்துவிடும் என்பதுதான் தயக்கம்.

தண்ணீரிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. நிலையான வளர்ச்சி இலக்குகளில் நீர்ப் பயன்பாட்டுத் திறன் என்று ஏற்கெனவே ஒரு குறிகாட்டி உண்டு. ஒரு கன மீட்டர் தண்ணீரிலிருந்து எவ்வளவு பொருளாதார மதிப்பு கிடைக்கிறது என்பது அதன் கணக்கு. சொட்டுநீர்ப் பாசனம் வந்தால் இந்த எண் அழகாக உயரும். ஆனால் மிச்சமான தண்ணீரை வைத்து விவசாயி இன்னும் நாலு ஏக்கருக்குப் பாய்ச்சுவார், அல்லது அதிகத் தண்ணீர் கேட்கும் பணப்பயிருக்கு மாறுவார். முன்பு வாய்க்காலில் கசிந்து நிலத்தடிக்குத் திரும்பிப் போன தண்ணீரும் இப்போது போகாது. திறன் கூடக் கூட நீர்மட்டம் இறங்கியதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விவசாயியைக் குறை சொல்லவில்லை, அவர் செய்வது முழுக்க நியாயம். திறனை மட்டும் பார்க்காமல், நீர்ப்படுகையிலிருந்து எடுத்த மொத்த அளவையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பண்பாட்டு மரபைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அறிவு போதாது. கடலரிப்பில் மூதாதையர் கல்லறைகளை இழந்துகொண்டிருக்கும் தீவு மக்களிடம் எதை எண்ணச் சொல்வது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் யார் எண்ணுவது? வெப்பத்தால் ஏற்படும் இறப்பு என்று ஒரு குறிகாட்டி வைத்துவிடலாம். உலகில் பத்தில் நான்கு இறப்புகள் பதிவாவதே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் பத்தில் ஒன்றுதான் பதிவாகிறது. பிரான்ஸ் அந்தக் கணக்கைப் போட முடிந்ததற்குக் காரணம், பல பத்தாண்டு இறப்புப் பதிவேடு தயாராக அவர்கள் கையில் இருந்தது. பதிவேடு இல்லாத நாட்டில் வெப்ப இறப்பு பூஜ்யம் என்று வரும். அந்தப் பூஜ்யத்துக்கு யாரோ ஒருவர் வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிவிடுவார். இது என் நெடுநாள் கோபம். குறிகாட்டி உருவாக்கும் கூட்டங்களுக்குச் செலவாவதில் ஒரு பங்கு, பிறப்பு இறப்புப் பதிவுக்கும் மழைமானிகளுக்கும் அவற்றைக் குறித்துவைக்கும் ஆட்களின் சம்பளத்துக்கும் போக வேண்டும். அந்த வேலையில் கவர்ச்சி எதுவும் இல்லை, ஆனால் அது இல்லாமல் 59 குறிகாட்டிகளில் பெரும்பாதி வெறும் காலிக் கட்டங்கள்.

பணத்தைப் பற்றிய தகராறுதான் பெலெமில் அதிகச் சூடு கிளப்பியது. வளரும் நாடுகளுக்கு 2035 வாக்கில் தகவமைப்புக்கு ஆண்டுக்கு 310 முதல் 365 பில்லியன் டாலர் தேவைப்படும் என்கிறது அதே இடைவெளி அறிக்கை. 2023இல் வளர்ந்த நாடுகளிடமிருந்து வந்த பொது நிதி 26 பில்லியன். அதற்கு முந்தைய ஆண்டு 28 ஆக இருந்து குறைந்திருக்கிறது. ஏழை நாடுகள் பயந்தது இதைத்தான்: நீங்கள் உங்கள் பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை திட்டம் போட்டீர்கள் என்று எங்களை அளக்கும் பட்டியல், நீங்கள் எவ்வளவு தந்தீர்கள் என்று பணக்கார நாடுகளை அளக்காமல் போய்விடுமோ என்று. நாளைக்கு இதுவே நிதி கிடைப்பதற்கான நிபந்தனையாகிவிடுமோ என்றும். அந்தப் பயம் முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன். வாக்களித்த நிதி வராமல் கரை பாதியில் நின்றால், அந்தப் பாதிக் கரையை அந்த ஏழை நாட்டின் தோல்வியாக எழுதுவது அநியாயம். நிதி வந்ததா, எவ்வளவு, கடனா மானியமா, என்றைக்கு வந்தது என்ற கட்டங்கள் விளைவுக் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தப் பயத்தைத் தணிக்க, பெலெம் முடிவில் சில காப்பு வாசகங்கள் இருக்கின்றன. குறிகாட்டிகள் தன்னார்வமானவை, நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடப் பயன்படுத்தக் கூடாது, நிதிக்கு நிபந்தனையாக்கக் கூடாது. ஒப்பிடக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. நார்வேயையும் மொசாம்பிக்கையும் ஒரே தரவரிசையில் போடுவதில் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் ஒரு நாட்டை அதன் சொந்தக் கடந்த காலத்தோடு ஒப்பிடுவதை இந்த வாசகத்தைக் காட்டி யாரும் தட்டிக்கழித்துவிடக் கூடாது. மொசாம்பிக் 2019இல் இடாய் புயலைத் தாங்கிய விதத்தையும், அதன்பின் வந்த புயல்களைத் தாங்கிய விதத்தையும் மொசாம்பிக் மக்களுக்கே அறியும் உரிமை உண்டு.

நாடுகள் பாரிஸ் ஒப்பந்தத்தின்கீழ் தரும் வெளிப்படைத்தன்மை அறிக்கையின் இரண்டாவது சுற்றுக்குக் கெடு 2026 டிசம்பர் இறுதி. அதில் தகவமைப்பு அத்தியாயம் கட்டாயமில்லை, இருந்தாலும் பல நாடுகள் எழுதும். வந்ததும் ஒவ்வொன்றிலும் அந்த அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்பேன். ஏதாவது ஓர் இழப்பு எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஆண்டின் வெயிலோ மழையோ காற்றோ எழுதப்பட்டிருக்கிறதா, அந்த எண் ஆண், பெண், வயது, வருமானம் என்று பிரிந்திருக்கிறதா, திட்டம் முடிந்த பிறகு யாராவது திரும்பிப் போய்ப் பார்த்தார்களா. இந்த மூன்றையும் செய்திருக்கும் அறிக்கைகளை இங்கேயே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். பாரிஸ் ஒப்பந்தத்தில் உலகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பார்க்கும் இரண்டாவது உலகளாவிய கணக்கெடுப்பு 2028இல் வருகிறது. அதற்குள் அப்படிப்பட்ட உதாரணங்கள் கையில் இருந்தால், அடிஸ் அபாபாவில் அளக்கும் முறையைப் பற்றிப் பேசுபவர்கள் அவற்றைக் காட்டிப் பேசலாம்.